கேம், சீரிஸ், சமையல் எதையும் விடாமல் தீராத வலியைச் சமாளிக்க: முழுமையான வழிகாட்டி

கழுத்திலோ மணிக்கட்டிலோ இடுப்பிலோ ஒரு வலி வந்து, போகாமல் மாதக்கணக்கில் தங்கிவிடுகிறது. ஆளைப் படுக்கையில் தள்ளுகிற வலி இல்லை. ஆனால் மறந்துவிட்டு வேலை பார்க்கவும் விடாது. இப்படி இருப்பவர்களிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “கேமைத் தூக்கிப் போடு, சீரிஸைக் குறை, சமையலை வேறு யாராவது பார்க்கட்டும், நீ ரெஸ்ட் எடு.” சொல்பவருக்குச் சுலபம். வலியில் இருப்பவருக்கோ அன்றைய நாளில் மிஞ்சியிருக்கும் சந்தோஷமே அந்த ஒரு மணி நேர ஆட்டமும், தன் கையால் செய்த சாப்பாடும்தான். அதையும் பிடுங்கிவிட்டால் வலியை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இங்கே எதையும் விடச் சொல்லப் போவதில்லை. எப்படிச் செய்வது, எப்போது எழுந்திருப்பது என்ற இரண்டை மட்டும் மாற்றப் போகிறோம்.

ஆடும்போது ஏன் வலி தெரிவதில்லை?

படிகளுக்குள் போகும் முன் இதைப் புரிந்துகொள்வது நல்லது. கவனம் வேறெங்காவது ஆழமாகப் போய்விட்டால் மூளை வலியைக் குறைவாகவே உணர்கிறது. இது பிரமை இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தீக்காய நோயாளிகளுக்குப் புண்ணைச் சுத்தம் செய்யும் நேரத்தில் பனிப்பந்து எறியும் ஒரு விஆர் விளையாட்டை ஆடக் கொடுத்தார்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது வலி குறைந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். ஆக, “கேம் ஆடினால் வலி மறந்துபோகிறது” என்று நீங்கள் சொல்வது உண்மைதான்.

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. குறைந்தது வலியின் உணர்வு மட்டும்தான். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் மேல் விழும் பாரம் அப்படியே இருக்கிறது. தோளைத் தூக்கிக்கொண்டு, மணிக்கட்டை மடக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள், உடம்பு ஒரு வார்த்தை சொல்லாது. மறுநாள் காலையில் மொத்தமாகச் சொல்லும். அதனால் “வலித்தால் நிறுத்திக்கொள்கிறேன்” என்பது கேமிலும் சீரிஸிலும் உதவாது. அங்கே உங்களை நிறுத்த வேண்டியது கடிகாரம்.

சமையலறையில் நிலைமை தலைகீழ். கவனத்தை இழுக்க அங்கே கதை எதுவும் இல்லை, முதல் வெங்காயத்திலேயே வலி பேச ஆரம்பித்துவிடும். ஆனால் அடுப்பு எரிந்துகொண்டிருப்பதால் பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. அங்கே வேலையைத்தான் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும்.

படி 1: இது வீட்டில் சமாளிக்கும் வலிதானா?

சில அறிகுறிகள் இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். இடுப்பு வலியோடு தொடை இடுக்கும் ஆசனவாய்ச் சுற்றும் மரத்துப்போவது, சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது, கால்கள் பலமிழப்பது ஆகியவை அவசர நிலை; காலை வரை காத்திருக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தமும் அது கைக்கோ தாடைக்கோ பரவும் வலியும் அதே போலத்தான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, கீழே விழுந்த பிறகு வந்த வலி, படுத்தாலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் அடங்காத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தவருக்குப் புதிதாக வந்த வலி இவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

இவை எதுவும் இல்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் நீடிப்பதை நாள்பட்ட வலி என்கிறார்கள். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. “ஸ்கேனில் ஒன்றும் இல்லையே, அப்புறம் எப்படி வலிக்கும்?” என்று கேட்கும் உறவினரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

படி 2: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

பெரிய டைரி வேண்டாம். என்ன செய்தீர்கள், தொடர்ச்சியாக எவ்வளவு நேரம், மறுநாள் காலையில் வலி 0 முதல் 10 வரை எத்தனை. இந்த மூன்று போதும். காலை எண்தான் இதில் முக்கியம். கேம் முடிந்த கையோடு எழுதும் எண்ணை நம்பாதீர்கள். காரணம் மேலே சொன்னதுதான்.

கூடவே எந்த இடம் என்பதையும் துல்லியமாகக் குறியுங்கள். ‘கை வலி’ என்று எழுதினால் பயனில்லை. கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் சுரீர் என்கிறது என்றால், சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி கெர்வேன் 1895இல் விவரித்த தசைநாண் உறைப் பிரச்சினையாக இருக்கலாம். கன்ட்ரோலர், மொபைல், துணி பிழிவது, குழந்தையைத் தூக்குவது எல்லாமே அந்த ஒரே இடத்தைத் தேய்க்கும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்துப்போய், இரவில் எழுந்து கையை உதறினால் சரியாகிறது என்றால் மணிக்கட்டுச் சுரங்கம் என்கிற, மணிக்கட்டுக்குள் நரம்பு போகும் குறுகிய வழியில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிக்கலாம். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால் பிரச்சினை பெரும்பாலும் முழங்கையில்: போனை முகத்துக்கு நேரே பிடித்து, முழங்கையை மடக்கியே வைத்திருப்பவர்களுக்கு இது வரும். முழங்கையின் வெளிப்பக்கம் வலித்து, வாணலியைத் தூக்கும்போது அதிகமானால் அது டென்னிஸ் ஆடாதவர்களுக்கும் வருகிற டென்னிஸ் எல்போ.

நீங்களே நோயைத் தீர்மானிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த அசைவைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அடுத்த படிகள் வேலை செய்யும்.

படி 3: அளவைத் தீர்மானிப்பது

எழுதி வைத்ததில் ஒரு வழக்கம் தெரியும். நல்ல நாளில் நான்கு மணி நேரம் ஆட்டம், பிறகு மூன்று நாள் கையைத் தூக்க முடியாது, பிறகு கொஞ்சம் தேறியதும் விட்டதைப் பிடிக்க மறுபடி நான்கு மணி நேரம். இந்த ஏற்ற இறக்கம்தான் வலியை வளர்த்துவிடுகிறது.

எவ்வளவு நேரம் தொடர்ந்து செய்தால் மறுநாள் காலை எண் ஏறாமல் இருக்கிறது என்று பாருங்கள். அதில் முக்கால் பங்கை உங்கள் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். 40 நிமிடம் தாங்குகிறது என்றால் 30 நிமிடம். டைமர் அடித்ததும் எழுந்து ஐந்து நிமிடம் நடந்துவிட்டு மறுபடி 30. ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பதையும் இதே வழியில் கண்டுபிடியுங்கள்.

இதில் கடினமான பகுதி நல்ல நாள்தான். இன்று வலியே இல்லை, இன்னும் ஒரு மணி நேரம் ஆடலாமே என்று தோன்றும். ஆடாதீர்கள். ஒரு வாரம் காலை எண் நிலையாக இருந்தால் அளவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள், 30 என்பது 33 ஆகும். எரிச்சலூட்டும் வேகம்தான், ஆனால் பின்னால் போக வேண்டியிருக்காது.

படி 4: கேம்

டைமரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள். போனில் வைத்தால் ஒரு விரலில் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வீர்கள். எழுந்து போய் அணைக்க வேண்டிய தூரத்தில், கத்துகிற டைமர் வேண்டும். சமையலறை டைமர் இதற்கு அருமை. நடுவில் நிறுத்த முடியாத ஆன்லைன் ஆட்டம் என்றால் நேரத்தைக் கணக்கிடாமல் மேட்சைக் கணக்கிடுங்கள்: ஒரு மேட்ச் முடிந்து அடுத்ததற்கு வரிசையில் காத்திருப்பதற்கு முன் எழுந்துவிட வேண்டும். வரிசையில் சேர்ந்த பிறகு எழ மாட்டீர்கள், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஒரு மேட்சே உங்கள் அளவை விட நீளம் என்றால், வலி அதிகமான வாரங்களில் மட்டும் நினைத்த இடத்தில் நிறுத்தி வைக்கும் ஆட்டத்துக்கு மாறுங்கள். முறை வைத்து ஆடும் உத்தி ஆட்டங்கள், புதிர்கள், சீட்டாட்ட வகைகள் கட்டைவிரலுக்கு ஓய்வு தரும்.

எழுந்திருப்பது கைக்காக மட்டும் இல்லை. 2003இல் நியூசிலாந்து மருத்துவர்கள், நீண்ட நேரம் கணினி முன் அசையாமல் உட்கார்ந்த ஒருவருக்குக் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போன நிகழ்வைப் பதிவுசெய்தார்கள். விமானத்தில் மட்டும் வருகிற பிரச்சினை இல்லை அது.

உட்காரும் விதம். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும், எட்டாவிட்டால் கீழே ஒரு பெட்டியை வையுங்கள். இடுப்பு வளைவுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, தூரம் ஒரு கை நீளம். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது முன்னால் சாயச் சாயக் கழுத்துத் தசைகள் அதை இழுத்துப் பிடிக்க அதிகம் உழைக்கின்றன. கன்ட்ரோலர் பிடிப்பவர்கள் மடியில் ஒரு தலையணை வைத்து அதன் மேல் முன்கைகளைக் கிடத்துங்கள். இந்த ஒன்றே தோள் வலியைப் பாதியாக்கிவிட்டது என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த கேமிங் நாற்காலியைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அதில் மூன்று மணி நேரம் அசையாமல் உட்காருவதை விட, சாதாரண நாற்காலியில் அரை மணிக்கு ஒருமுறை எழுவது மேல்.

செட்டிங்ஸை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. பலனோ அங்கேதான் அதிகம். தேட வேண்டியவை இவை:

- பட்டனை அழுத்திப் பிடித்தே இருக்க வேண்டும் என்பதை, ஒருமுறை தட்டினால் போதும் என்று மாற்றுவது. ஓடுவதற்கும் குறிபார்ப்பதற்கும் இதை மாற்றினால் விரல்கள் நன்றி சொல்லும்.
- ஒரே பட்டனை வேகமாகத் தட்டித் தள்ளும் காட்சிகளைத் தவிர்க்கும் வசதி.
- வலிக்கிற விரலின் பட்டனை வேறு விரலுக்கு மாற்றுவது. பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச் மூன்றிலுமே கன்சோல் அமைப்பிலேயே இதைச் செய்யலாம்.
- கன்ட்ரோலர் அதிர்வை அணைப்பது.
- மவுஸின் வேகத்தைக் கூட்டுவது. சிறு அசைவிலேயே குறி நகரும். ஆனால் மணிக்கட்டைத் தனியாக ஆட்டாமல் முழங்கையிலிருந்து நகர்த்துங்கள்.

சாதாரணக் கன்ட்ரோலரே பிடிக்க முடியாதவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2018இலும் சோனி 2023 டிசம்பரிலும் தகவமைத்துக்கொள்ளும் கன்ட்ரோலர்களைக் கொண்டுவந்தன. பெரிய பட்டன்களை மேசையில் பரப்பி வைத்து உள்ளங்கையாலும் ஆடலாம்.

மொபைல் கேம்தான் கைக்கு மிகவும் கடுமையானது. சின்னத் திரை, இரண்டு கட்டைவிரல், குனிந்த கழுத்து. போனை ஸ்டாண்டில் நிறுத்தி ப்ளூடூத் கன்ட்ரோலரில் ஆட முடிந்தால் ஆடுங்கள். முடியாவிட்டால் மொபைலுக்கான அளவைக் கன்சோலுக்கான அளவில் பாதியாக வையுங்கள்.

படி 5: சீரிஸ்

இங்கே கைக்கு வேலை இல்லை, ஆகவே பலரும் இதை ஓய்வு என்று நினைக்கிறார்கள். சோபா கைப்பிடியில் தலையை வைத்து ஒருபக்கமாகப் படுத்துக்கொண்டு நான்கு எபிசோட் பார்ப்பது கழுத்துக்கு ஓய்வு இல்லை. படுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் மல்லாந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை, திரை எதிரே உயரத்தில். லேப்டாப்பை வயிற்றில் வைத்துத் தாடையை மார்பில் முட்டிக்கொண்டு பார்ப்பது எல்லாவற்றையும் விட மோசம்.

அடுத்த எபிசோட் தானாக ஓடுவதை அணைத்துவிடுங்கள். நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு ப்ரொஃபைலின் செட்டிங்ஸிலும், யூடியூபில் வீடியோவின் மேலேயே அதற்கான பொத்தான் இருக்கிறது. இன்னொரு உபாயம், எபிசோடின் முடிவில் நிறுத்தாதீர்கள். முடிவு என்பதே உங்களை எழவிடாமல் செய்ய எழுதப்பட்டது. அடுத்த எபிசோடின் முதல் பத்து நிமிடத்தில், மர்மம் அவிழ்ந்து பாத்திரங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் நிறுத்துவது எவ்வளவோ சுலபம்.

தூக்கத்தைத் திருடி சீரிஸ் பார்க்காதீர்கள் என்று சொல்வது கிழட்டு அறிவுரை போலத் தோன்றும். ஆனால் தூக்கம் குறைந்த மறுநாள் அதே வலி கூடுதலாக உறைக்கிறது. உங்கள் குறிப்பேட்டிலேயே அது தெரியும், தூங்கிய நேரத்தையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

படி 6: சமையல்

சமையலை ஒரே மூச்சில் செய்யும் வேலை என்று நினைப்பதை விட வேண்டும். நறுக்குவது ஒரு வேலை, அடுப்பில் நிற்பது ஒரு வேலை, கழுவுவது ஒரு வேலை. மூன்றுக்கும் நடுவில் மணிக்கணக்கில் இடைவெளி விடலாம். காலையில் உட்கார்ந்து நறுக்கிப் பெட்டியில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால், மாலையில் அடுப்பு வேலை மட்டும்தான். எதையும் அடுப்பில் ஏற்றும் முன் தேவையானதெல்லாம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போது மேல் அலமாரியில் தேடுவதுதான் இடுப்பைப் பிடிக்க வைக்கிறது.

உயரம். நின்று நறுக்கும்போது பலகை உங்கள் முழங்கையை விட 5 முதல் 10 செ.மீ. கீழே இருப்பது வசதி. மாவு பிசைவது போல அழுத்தம் கொடுக்கும் வேலைக்கு இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும். மேடை உயரமாக இருந்தால் பிசைவதை மேசைக்குக் கொண்டுபோங்கள். தாழ்வாக இருந்தால் பலகைக்கு அடியில் உறுதியான எதையாவது வையுங்கள். நின்றுதான் ஆக வேண்டும் என்றால் ஒரு காலைச் சின்ன முக்காலி மேல் வைத்து, அவ்வப்போது கால் மாற்றுங்கள், இடுப்பு வலிக்கு நல்ல பலன் தரும்.

கத்தி கூராக இருக்கட்டும். மழுங்கிய கத்திதான் மணிக்கட்டின் உண்மையான எதிரி, அதோடு அது வழுக்கி விரலையும் வெட்டும். கைப்பிடி மெல்லியதாக இருந்தால் துணி சுற்றித் தடியாக்குங்கள். தடித்த பிடியை இறுக்க விரல்கள் குறைவாக உழைத்தால் போதும். இறுக மூடிய டப்பாவுக்கு ரப்பர் கையுறை போட்டு, விரல் நுனியால் திருகாமல் உள்ளங்கையை மூடி மேல் பதித்து முழுக் கையால் திருப்புங்கள்.

பாரம் தூக்குவதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூன்று லிட்டர் கொதிநீர் உள்ள பாத்திரத்தைக் கையை நீட்டிக் கழுவுதொட்டிக்குத் தூக்கிப் போகாதீர்கள். காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுக் குவளையால் தண்ணீர் ஊற்றுங்கள். வெந்ததைத் துளைக்கரண்டியால் அள்ளி எடுங்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு கையாலும், உடம்போடு ஒட்டி. மிக்ஸியையும் கனமான பாத்திரங்களையும் இடுப்பு உயர அலமாரியில் வையுங்கள், அழகுக்காகக் கீழே ஒளித்து வைக்க வேண்டாம்.

நல்ல நாளில் இரட்டிப்பாகச் சமைத்துப் பாதியை ஃபிரீசரில் வைப்பது இந்தப் படியின் உயிர்நாடி. (இரட்டிப்பாக நறுக்குவது உங்கள் அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள், ஆழமில்லாத பெட்டிகளில் பிரித்து ஃபிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும். 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் மூன்று நான்கு நாள் வரை இருக்கும். சோற்றை வெளியே வைத்து மறந்தால், மறுபடி சூடாக்கினாலும் அழியாத நச்சு அதில் உண்டாகலாம், குறிப்பாக அதில் கவனம்.

வலி உள்ளவர்களுக்கு ஸ்லோ குக்கர் நல்ல நண்பன், ஒரே ஒரு எச்சரிக்கையோடு: காய்ந்த சிவப்பு பீன்ஸை (ராஜ்மா) நேரடியாக அதில் போடக் கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு அந்தக் குறைந்த சூட்டில் போகாது. இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தனியாகப் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே போடுங்கள்.

படி 7: ஒத்தடமும் மாத்திரையும்

இறுக்கமான தசைக்குச் சூடு, புதிதாகச் சுளுக்கி வீங்கியதற்குக் குளிர். எதுவானாலும் துணி சுற்றி, 15 முதல் 20 நிமிடம். சூட்டு ஒத்தடத்தோடு தூங்கிவிடாதீர்கள்.

பாராசிட்டமால் ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில் 4 கிராம் என்பது உச்சவரம்பு. கல்லீரல் பிரச்சினையோ மதுப்பழக்கமோ இருந்தால் அதைவிடக் குறைவு. சளி மாத்திரைகளிலும் அதே மருந்து ஒளிந்திருக்கும், அட்டையைப் படியுங்கள். ஐபுபுரோஃபென் போன்றவை வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். தலைவலிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை எடுத்தால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கலாம்.

படி 8: வலி ஏறிய நாளுக்கு முன்கூட்டியே திட்டம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் அப்படி ஒரு நாள் வரும். அன்று யோசிக்கத் தெம்பு இருக்காது, அதனால் நல்ல நாளிலேயே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: ஃபிரீசரில் எந்தப் பெட்டி, எந்தச் சீரிஸ், ஒரே கையால் ஆடக்கூடிய எந்த ஆட்டம், யாரைக் கூப்பிடுவது. முழுநாள் படுக்கை வேண்டாம். பெரும்பாலான முதுகு, கழுத்து வலிகளில் அது தசையை இன்னும் இறுக்கிவிடும். ஒரு மணிக்கு ஒருமுறை வீட்டுக்குள்ளேயே நடங்கள். ஆட்ட நேரத்தைப் பாதியாக்குங்கள், பூஜ்ஜியமாக்க வேண்டாம். வலி வழக்கமான அளவுக்கு இறங்கியதும் அந்தப் பாதியிலிருந்தே தொடங்கி, இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்கு வாருங்கள்.

ஆறு வாரம் இப்படிச் செய்தும் காலை எண் அசையவில்லை, அல்லது விரல்களில் மரப்பும் பலவீனமும் கூடுகிறது என்றால் பிசியோதெரபிஸ்டையோ மருத்துவரையோ பாருங்கள். போகும்போது குறிப்பேட்டைக் கொண்டுபோங்கள். கூடவே, நீங்கள் கேம் ஆடும்போதும் நறுக்கும்போதும் பக்கவாட்டிலிருந்து ஒரு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லி அதையும் காட்டுங்கள். ஆட்டம் சூடுபிடித்த பிறகு எடுத்ததாக இருக்கட்டும். கேமரா இருக்கிறது என்று தெரிந்த முதல் பத்து நிமிடம் எல்லோரும் நிமிர்ந்துதான் உட்காருவோம்.